ஆண் மட்டிகள் மட்டும் ‘கலப்பு’ என்று வந்தபோது: ஒரு பொரிப்பகத்தின் மரபணுச் சோதனை

பின்னணி

கயிற்றில் நீல மட்டி வளர்ப்பவர்களுக்குக் குஞ்சு தயாரித்துத் தரும் ஒரு பொரிப்பகத்தில் நடந்தது இது. கடலில் தானாக வந்து ஒட்டும் குஞ்சுகளையே நம்பியிராமல், நன்றாக வளர்கிற, ஓடு கெட்டியான மட்டிகளைப் பொறுக்கி எடுத்துத் தலைமுறை தலைமுறையாக இனவிருத்தி செய்வது என்று அவர்கள் முடிவெடுத்திருந்தார்கள். வெவ்வேறு இடங்களிலிருந்து பெரிய மட்டிகளைக் கொண்டுவந்து தொட்டிகளில் வைத்துப் பராமரித்தார்கள். முதல் தலைமுறைக்குப் பெற்றோராகப் போகிறவை அவைதான்.

அதற்கு முன்னால் அவர்களுக்கு ஒரு கேள்விக்கு விடை வேண்டியிருந்தது. இவை எல்லாம் ஒரே இனம்தானா? நியாயமான கேள்வி. நீல மட்டி என்று பொதுவாகச் சொல்லும்போது மைட்டிலஸ் எடுலிஸ், மைட்டிலஸ் கேலோபுரோவின்சியாலிஸ், மைட்டிலஸ் டிராசுலஸ் என்ற மூன்று நெருங்கிய இனங்கள் அதற்குள் வந்துவிடும். ஓட்டைப் பார்த்து இவற்றை நம்பிப் பிரிக்க முடியாது. அலையின் வேகம், நெரிசல், கிடைக்கும் உணவு ஆகியவற்றுக்கு ஏற்ப ஓட்டின் வடிவமே மாறிவிடும். இந்த இனங்கள் சந்திக்கும் கரைகளில் ஒன்றோடொன்று கலந்து இனப்பெருக்கமும் செய்கின்றன. ஸ்காட்லாந்தின் லாக் எட்டிவ் கடற்கழியில் டிராசுலஸ் மட்டி கயிறுகளில் பரவி, மெல்லிய ஓடும் குறைந்த சதையுமாக விற்க முடியாத சரக்கைத் தந்தது மட்டி வளர்ப்பவர்கள் இன்றும் எடுத்துப் பேசும் விஷயம். பொரிப்பகத்தின் மேலாளர் அதை மனதில் வைத்துத்தான் சோதனைக்கு அனுப்பினார்.

மாதிரிகளை வாங்கிக்கொண்ட ஆய்வகம் பல ஆண்டுகளாகப் பசிபிக் சிப்பியில் வேலை செய்து பழகியது. அந்த அனுபவத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. பசிபிக் சிப்பியின் முழு மரபணுத்தொகுப்பு 2012-இல் வெளியானது. அந்த வேலைக்கு, நெருங்கிய உறவுக்குள் இனவிருத்தி செய்து பெற்ற ஒரு சிப்பியைத்தான் பயன்படுத்தினார்கள். இயற்கையில் வாழும் சிப்பியில் தாயிடமிருந்து வந்த பிரதியும் தந்தையிடமிருந்து வந்த பிரதியும் மிகவும் வேறுபடுவதால், படித்த துண்டுகளை ஒன்றாகக் கோப்பது கடினம். அப்படிப்பட்ட உயிரியோடு மல்லுக்கட்டிப் பழகியவர்கள் இவர்கள்.

ஆனால் அவர்களுடைய மாதிரிப் படிவம் சிப்பிக்காகத் தயாரானது. சிப்பி ஒரு பருவத்தில் ஆணாகவும் பின்னொரு பருவத்தில் பெண்ணாகவும் இருக்கக்கூடிய உயிரி. அதனால் படிவத்தில் பாலினத்துக்குக் கட்டம் இல்லை. உடலின் எந்தப் பகுதியிலிருந்து சதை எடுக்கப்பட்டது என்று எழுதவும் இடம் இல்லை. சிப்பியின் இனத்தைக் கண்டறிய அது தேவைப்பட்டதும் இல்லை. இந்த நிகழ்வு முழுவதும் அந்த இரண்டு விடுபட்ட கட்டங்களைச் சுற்றித்தான் போகிறது.

முதல் சுற்று

பொரிப்பகத்தில் மட்டிகளைக் கொல்லாமல் மாதிரி எடுக்க வேண்டியிருந்தது. ஓடு லேசாகத் திறந்திருக்கும்போது உள்ளே இடுக்கியை விட்டு, ஓட்டின் உட்புறத்தை ஒட்டியிருக்கும் மேன்டில் என்ற மெல்லிய போர்வைச் சதையில் ஒரு சிறு துண்டு வெட்டி, சாராயக் குப்பியில் போட்டு, எண் ஒட்டி அனுப்பினார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பல இடங்களிலும் செய்வதுதான்.

ஆய்வகத்தில் மைட்டோகாண்ட்ரியாவின் (செல்லுக்கு ஆற்றல் தரும், தனக்கென்று டிஎன்ஏ உள்ள சிற்றுறுப்பு) சிஓஐ என்ற மரபணுவில் ஒரு துண்டைப் பெருக்கி, அதன் வரிசையைப் படித்தார்கள். முதுகெலும்பில்லாத உயிரிகளுக்கு 1994-இலிருந்து எல்லோரும் பயன்படுத்தும் பிரைமர் ஜோடி (பெருக்க வேண்டிய துண்டின் இரு முனைகளைப் பிடிக்கும் குட்டி டிஎன்ஏ இழைகள்) ஒன்று இருக்கிறது. மலிவு, வேகம், ஒப்பிட்டுப் பார்க்கத் தரவுத்தளம் தயார். இனத்தைக் கண்டுபிடிக்க முதலில் கை போவது இதற்குத்தான்.

மாதிரிகளில் பாதிக்கு மேல் சுத்தமாக எடுலிஸ் என்று வந்தன. மிச்சத்தில் பெரும்பகுதி குழம்பிப்போய் வந்தது. வரிசைப் படத்தில் ஓர் இடத்துக்கு ஒரு முகடு இருக்க வேண்டும். இவற்றிலோ பல இடங்களில் இரண்டு முகடுகள், ஒன்றின்மேல் ஒன்று. இன்னும் சில மாதிரிகள் சுத்தமாகப் படிக்க முடிந்தும் எடுலிஸோடு பொருந்தவில்லை, மற்ற இரண்டு இனங்களின் வழக்கமான வரிசையோடும் பொருந்தவில்லை.

வரைவு அறிக்கையில் இப்படி எழுதினார்கள்: கணிசமான பங்கு மட்டிகள் கலப்பினமாக இருக்கலாம், அல்லது மாதிரிகள் ஒன்றோடொன்று கலந்திருக்கலாம். தெளிவாகும் வரை அவற்றை இனவிருத்திக்குப் பயன்படுத்த வேண்டாம். மேலாளர் அதை எப்படிப் படித்தார் என்பது புரிந்துகொள்ளக்கூடியதே. மட்டிகள் முற்றி முட்டையிடத் தயாராக நின்றன. பருவம் தவறினால் ஒரு வருடம் போய்விடும். சந்தேகப்பட்டவற்றை ஒதுக்கிக் கொன்றுவிட்டு, சுத்தமானவற்றை மட்டும் வைத்துத் தொடங்கிவிடலாம் என்று அவர் தயாரானார். அந்தக் கட்டத்தில்தான் அறிக்கையை வெளியிலிருந்து ஒருமுறை படித்துப் பார்க்கும்படி என்னைக் கேட்டார்கள்.

கவனித்தவை

அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில், வேலையைச் செய்த மாணவர் ஓர் அடிக்குறிப்பு போட்டிருந்தார். பொருந்தாமல் போன வரிசைகளுக்குத் தரவுத்தளத்தில் மிக அருகில் வந்த பதிவுகள் எடுலிஸ் மட்டியுடையவைதான், ஆனால் அவற்றின் விவரத்தில் ‘ஆண்வழி வகை’ என்று எழுதியிருக்கிறது, அதன் பொருள் தெரியவில்லை என்று. மொத்த அறிக்கையிலும் மிக மதிப்புள்ள வரி அதுதான். புரியாததை மறைக்காமல் எழுதிவைத்த அந்த மாணவருக்கு இந்த நிகழ்வில் பெரும்பங்கு உண்டு.

அந்த வரி கையில் இருந்தாலும், மற்ற விளக்கங்களை முறைப்படி தாண்டித்தான் போக வேண்டும் என்று நினைத்தோம். ஒரு விடை கண்ணில் பட்டவுடன் மற்றவற்றைக் கைவிடுவது எளிது. ஆனால் இங்கே விடையைப் பொறுத்து உயிருள்ள மட்டிகள் தொட்டியை விட்டுப் போகும்.

மாதிரிகள் ஒன்றோடொன்று கலந்தனவா? டிஎன்ஏ போடாமல் ஓட்டிய வெற்றுக் குழாய்களில் எதுவும் பெருகவில்லை. சந்தேகப்பட்ட குப்பிகளிலிருந்து மறுபடியும் டிஎன்ஏ பிரித்துப் பார்த்தபோது அதே எண்களில் அதே இடங்களில் அதே இரட்டை முகடுகள். மாசு என்றால் இப்படி ஒவ்வொரு முறையும் அதே மட்டிகளைத் தேடிப் போகாது.

கலப்பினமா? இதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றியது. ஆனால் யோசித்தால் நிற்காது. வழக்கமான மரபில் மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டும் வரும். தந்தை வேறு இனமாக இருந்தாலும் பிள்ளையில் தாயின் வகை ஒன்றுதான் இருக்கும். கலப்பினத்தைக் காட்டவே முடியாத சோதனையில் கிடைத்த குழப்பத்தைக் கலப்பினத்தின் அடையாளமாகப் படித்திருந்தார்கள்.

மைட்டோகாண்ட்ரியாவின் துண்டு ஒன்று எப்போதோ உட்கருவுக்குள் ஒட்டிக்கொண்டு, அதுவும் சேர்ந்து பெருகுகிறதா? பல உயிரிகளில் இது உண்டு. ஆனால் அப்படி ஒட்டிய துண்டு வேலை செய்யாத பிரதி. காலப்போக்கில் அதில் இடையில், புரதம் உருவாவதை நிறுத்தும் குறிகள் விழுந்திருக்கும். சுத்தமாகப் படித்த அந்த விநோத வரிசைகளைப் புரதமாக மொழிபெயர்த்துப் பார்த்தோம். எங்கும் உடையாமல் கடைசிவரை ஓடியது. உயிரோடு வேலை செய்கிற மரபணு.

நான்காவது ஒன்று, சிலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். மட்டிகளில் தொற்றும் புற்றுநோய் உண்டு. ஒரு மட்டியின் புற்றணுக்கள் கடல்நீர் வழியே இன்னொரு மட்டிக்குள் போய் அங்கே பெருகுகின்றன. 2015-இல் மென்னோட்டு மட்டியிலும், 2016-இல் வேறு சில இரட்டையோட்டு உயிரிகளிலும் இது நிரூபிக்கப்பட்டது. டிராசுலஸ் மட்டியில் தொடங்கிய ஒரு புற்றணு வழி ஐரோப்பாவின் எடுலிஸ் மட்டிகளிலும் தென் அமெரிக்க மட்டிகளிலும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே ஒரு மட்டியின் உடலில் இன்னொரு மட்டியின் மைட்டோகாண்ட்ரியா இருப்பது நடக்காத காரியமில்லை. இதைப் பார்க்காமல் விட மனம் வரவில்லை. இது உண்மையாக இருந்தால் தொட்டி முழுக்க ஆபத்து.

திருப்பம் வந்தது தொட்டிகளைப் பராமரிக்கும் பணியாளரிடமிருந்து. முந்தைய பருவத்தில் ஒரு சோதனை ஓட்டமாக மட்டிகளைத் தனித்தனிக் கிண்ணங்களில் வைத்து, நீரின் வெப்பத்தை ஏற்றி இறக்கி முட்டையிடத் தூண்டியிருக்கிறார். ஆண் மட்டி பால் கலந்த மாதிரி வெண்மையான இழையாக விந்தை விடும், நிமிடத்தில் கிண்ணத்து நீர் கலங்கிவிடும். பெண் மட்டி விடும் முட்டைகள் செம்மஞ்சள் துகள்களாக அடியில் படியும். எது என்ன விட்டது என்று எண் வாரியாகத் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தார். யாரும் கேட்காததால் அது ஆய்வகத்துக்குப் போகவில்லை. சந்தேகப் பட்டியலை அவரிடம் வாசித்துக் காட்டியபோது பாதியிலேயே நிறுத்தி, “இது எல்லாமே ஆண் ஆச்சே” என்றார்.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தோம். இரட்டை முகடு வந்தவை எல்லாம் ஆண். விநோத வரிசை வந்தவையும் ஆண். குறிப்பேட்டில் பெண் என்று இருந்த ஒன்றுகூட சந்தேகப் பட்டியலில் இல்லை. ஆனால் சுத்தமாக வந்த பட்டியலில் பெண்களோடு சில ஆண்களும் இருந்தன. புற்றுநோய் ஆண், பெண் பார்த்து வருவதில்லை.

ஆணுக்கு ஏன் இரண்டு

நீல மட்டிகளில் மைட்டோகாண்ட்ரியா இரண்டு வழிகளில் இறங்குகிறது. தாய் தன் வகையை மகள், மகன் எல்லோருக்கும் கொடுக்கிறாள். தந்தை தன் விந்தணுவில் உள்ள வகையை மகன்களுக்கு மட்டும் கடத்துகிறான். மகன் தன் உடல் முழுக்கத் தாயின் வகையை வைத்துக்கொண்டு, விந்தணுவில் மட்டும் தந்தையின் வகையை அடுத்த தலைமுறைக்கு அனுப்புகிறான். இப்படிப் பெண்வழி ஒன்றும் ஆண்வழி ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் தனித்தனியாக ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஆண் மட்டிகளில் இரண்டு வகை இருப்பதை 1990-இல் ஃபிஷரும் ஸ்கிபின்ஸ்கியும் எழுதினார்கள். இரண்டும் தனித்தனி மரபு வழிகள் என்பதை 1994-இல் ஸ்கிபின்ஸ்கியின் குழுவும் ஸூரோஸின் குழுவும் காட்டின. இன்று இரட்டையோட்டு உயிரிகளில் நூறுக்கும் மேற்பட்ட இனங்களில் இந்த மரபு தெரியவந்திருக்கிறது. நன்னீர் மட்டிகள் பலவும் அதில் அடக்கம். பசிபிக் சிப்பி அதில் இல்லை.

கருவில் நடப்பதை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் எழுதியிருப்பது எனக்கு எப்போதும் பிரமிப்பு தருவது. மைட்டிலஸ் விந்தணுவில் பொதுவாக ஐந்து பெரிய மைட்டோகாண்ட்ரியாக்கள் இருக்கும். பெண்ணாகப் போகும் கருவில் அவை முட்டைக்குள் நுழைந்ததும் சிதறிப்போகின்றன. ஆணாகப் போகும் கருவில் சிதறாமல் கூட்டமாகவே நின்று, செல் பிரியப் பிரிய ஒரே செல்லுக்குள் போய், கடைசியில் இனப்பெருக்கச் செல்களாகப் போகும் வரிசையில் சேர்ந்துகொள்கின்றன.

இரண்டு வழிகளும் பிரிந்து நெடுங்காலம் ஆனதால் ஒரே ஆண் மட்டிக்குள் உள்ள இரண்டு வகைகளுக்கும் இடையே வரிசையில் 20 சதவீதத்துக்கும் மேல் வேறுபாடு இருக்கலாம். ஓர் எடுலிஸின் பெண்வழி வகைக்கும் ஒரு கேலோபுரோவின்சியாலிஸின் பெண்வழி வகைக்கும் உள்ள வேறுபாடு அதைவிட மிகக் குறைவு. இனத்துக்கு இனம் உள்ள தூரத்தைவிட ஒரே உடலுக்குள் உள்ள தூரம் அதிகம். தரவுத்தளத்தில் பொருந்தாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

சரி, இனப்பெருக்கச் சுரப்பியில் இருக்க வேண்டிய ஆண்வழி வகை மேன்டில் துண்டில் எப்படி வந்தது? மட்டியின் உடற்கூறு அப்படி. நீல மட்டியில் இனப்பெருக்கச் சுரப்பி தனி உறுப்பாக ஓரிடத்தில் உட்காருவதில்லை. பருவம் வரும்போது அது மேன்டிலுக்குள்ளேயே கிளைகிளையாகப் பரவி, சதையைத் தடிக்கவைத்து நிரப்பிவிடும். முற்றிய ஆணின் மேன்டிலை வெட்டினால் இடுக்கியில் வருவது பாதி போர்வை, பாதி விந்து. விளிம்பில் மெல்லிசாக வெட்டியிருந்தால் பெண்வழி வகை மட்டும் வரும். சற்று உள்ளே போயிருந்தால் இரண்டும். நன்றாக முற்றிய ஆணில் உள்ளே வெட்டியிருந்தால் ஆண்வழி வகையே மேலோங்கி மற்றதை மறைத்துவிடும். சுத்தமாக வந்த ஆண்கள், இரட்டை முகடு, விநோத வரிசை என மூன்று விதமான முடிவுகளும் இடுக்கி எவ்வளவு ஆழம் போனது, மட்டி எவ்வளவு முற்றியிருந்தது என்பதில் அடங்கிவிட்டன.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் முடிவு, எதையும் கொல்ல வேண்டாம் என்பது. விளக்கம் கிடைத்த மகிழ்ச்சியில் எடுத்த முடிவு அல்ல இது. சந்தேகப் பட்டியலை அப்படியே நீக்கியிருந்தால் போயிருப்பவை ஆண்களில் பெரும்பகுதி, அதிலும் நன்றாக முற்றியவை. மிஞ்சியிருப்பவை முற்றாத சில ஆண்கள். ஒரு பெண் மட்டி ஒரே முறையில் பல லட்சம் முட்டைகளை விடும் உயிரி. அதனால் பொரிப்பகத்தில் ஒரு தலைமுறை முழுவதும் கைவிரலில் எண்ணக்கூடிய தந்தையர்களின் பிள்ளைகளாகிவிடுவது மிக எளிது. தொட்டி நிறையக் குஞ்சு இருப்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது. இரட்டையோட்டு உயிரிகள் கெடுதலான மரபணுப் பிரதிகளை ஏராளமாக மறைவில் சுமப்பவை. நெருங்கிய உறவுக்குள் கலந்தால் அடுத்த தலைமுறையில் வளர்ச்சியும் பிழைப்பும் சரியும். இனத்தூய்மையைக் காக்கச் செய்த சோதனை, அந்தப் பொரிப்பகத்தின் மரபு அடித்தளத்தையே சுருக்கியிருக்கும். இதை மேலாளரிடம் விளக்கியபோது அவர் உடனே ஒத்துக்கொண்டார், ஆனால் பருவத்தைத் தள்ளிப்போட ஒத்துக்கொள்ளவில்லை. அதுவும் சரிதான்.

ஆகவே இரண்டாவது முடிவு, முட்டையிட வைப்பது, ஆனால் கலக்காமல் வைப்பது. வழக்கமாக எல்லா முட்டைகளையும் ஒரே தொட்டியில் சேர்த்து எல்லா விந்தையும் ஊற்றுவார்கள். இம்முறை ஒரு பெண்ணுக்கு ஓர் ஆண் என்று ஜோடி சேர்த்து, ஒவ்வொரு ஜோடியின் லார்வாக்களையும் தனித் தொட்டியில் வளர்த்தார்கள். வேலை பல மடங்கு. ஆனால் பின்னால் எந்த ஜோடி வேண்டாம் என்று தெரிந்தாலும் அந்த ஒரு தொட்டியை மட்டும் நீக்கினால் போதும்.

மூன்றாவது, மறுசோதனையை வேறு சதையிலும் வேறு மரபணுவிலும் செய்வது. ஓட்டை மூடும் தசைக்குள் மெல்லிய ஊசியை விட்டுச் சிறிது ஹீமோலிம்ஃப், அதாவது மட்டியின் இரத்தம், எடுத்தோம். மட்டிக்குப் பெரிய காயமில்லை, இனப்பெருக்கச் சதை கலக்கும் வாய்ப்பும் குறைவு. அதே துளியில் இன்னொரு கேள்விக்கும் விடை கிடைக்கும். ஆரோக்கியமான இரத்த அணுக்கள் கண்ணாடியில் விழுந்ததும் ஒட்டிக்கொண்டு கை கால் நீட்டிப் பரவும். புற்றணுக்கள் உருண்டையாக, பெரிய உட்கருவோடு, ஒட்டாமல் மிதக்கும்.

இனத்தைச் சொல்ல உட்கரு மரபணுவைத் தேர்ந்தெடுத்தோம். மட்டி பாறையில் ஒட்டப் பயன்படுத்தும் பசைப் புரதத்தின் மரபணுவில் ஒரு துண்டு மூன்று இனங்களிலும் வெவ்வேறு நீளம் கொண்டது. 1995-இலிருந்து பயன்பாட்டில் உள்ள பிரைமர் ஜோடி அதைப் பெருக்கும்: எடுலிஸில் 180 கார இணைகள் (டிஎன்ஏ நீளத்தின் அலகு), டிராசுலஸில் 168, கேலோபுரோவின்சியாலிஸில் 126. இரண்டு நீளமும் ஒரே மட்டியில் வந்தால் அந்த இடத்தில் அதற்கு இரண்டு இனங்களிடமிருந்தும் பிரதி வந்திருக்கிறது என்று பொருள். வரிசை படிக்கவே தேவையில்லை, துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினால் பட்டை எங்கே நிற்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

ஆய்வகத் தலைவர் முதலில் மைட்டோகாண்ட்ரியா சோதனையையே இன்னொரு சதையில் திரும்பச் செய்தால் போதும் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பால்டிக் கடலின் டிராசுலஸ் மட்டிகளில் உட்கரு மரபணுக்கள் டிராசுலஸைக் காட்ட, மைட்டோகாண்ட்ரியாவோ ஏறக்குறைய முழுவதும் எடுலிஸிடமிருந்து வந்தது. மைட்டோகாண்ட்ரியா இனத்தைத் தாண்டி நகரக்கூடியது. சதை சரியாக இருந்தாலும் கேள்விக்குத் தவறான சாட்சி அது.

நடந்தது

இரத்தத்தில் ஆண்களும் பெண்வழி வகையையே சுத்தமாகக் காட்டின. ஓரிரண்டில் ஆண்வழி வகையின் மங்கலான சாயல் இருந்தது. உடற்சதைகளில் அப்படிக் கொஞ்சம் தென்படுவது ஏற்கெனவே அறியப்பட்டதுதான். விட்ட விந்தில் ஆண்வழி வகை மட்டும் பளிச்சென்று வந்தது. ஒரே மட்டியின் இரத்தமும் விந்தும் இரண்டு அந்நிய உயிரிகளைப் போல் வரிசை காட்டியதை மாணவர் அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவைத்தார். கண்ணாடியில் பரவாத உருண்டை அணுக்கள் எதிலும் இல்லை.

உட்கரு சோதனையில் சந்தேகப்பட்ட ஆண்கள் எல்லாம் 180-இல் ஒரே பட்டை. எடுலிஸ்தான். இனி வருவதுதான் முழு நிகழ்விலும் என்னை அதிகம் உலுக்கியது. ஒருசில மட்டிகளில் 180, 126 என்று இரண்டு பட்டைகளும் வந்தன. உண்மையிலேயே கலப்பு மரபு கொண்டவை. அவை பெரும்பாலும் பெண்கள். முதல் சுற்றில் அவை எல்லாமே ‘சுத்தம்’ என்று தேறியவை. வரைவு அறிக்கையின்படி நடந்திருந்தால் தேவையான ஆண்களைக் கொன்றுவிட்டு, தவிர்க்க நினைத்த கலப்பை முழு நம்பிக்கையோடு அடுத்த தலைமுறைக்குள் ஊற்றியிருப்பார்கள். டிராசுலஸின் பட்டை எதிலும் இல்லை.

இரண்டு பட்டை வந்தவற்றின் ஜோடித் தொட்டிகளை நீக்கினார்கள். லார்வா நிலையிலேயே நீக்க முடிந்ததற்கு, கலக்காமல் வைத்ததுதான் காரணம்.

ஓர் ஆண் மட்டும் புதிராகவே நின்றது. இரத்தத்தில் பெண்வழி வகை, விந்திலும் பெண்வழியைப் போன்ற வரிசை. மைட்டிலஸில் எப்போதாவது பெண்வழி வகை ஒன்று ஆண்வழிப் பாதைக்குள் நுழைந்து, அதன்பின் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கத் தொடங்குவதுண்டு. இது அப்படிப்பட்டதாக இருக்கலாம். உறுதிசெய்ய அதன் மகன்களை வளர்த்துப் பார்க்க வேண்டும், அதற்கு வசதி இல்லை. அதை இனவிருத்தியில் சேர்க்காமல் மாதிரியை உறையவைத்தார்கள்.

ஜோடி ஜோடியாக வளர்த்ததில் எதிர்பாராத இன்னொன்றும் கிடைத்தது. குஞ்சுகள் வளர்ந்து முதல்முறை முற்றியபோது சில குடும்பங்கள் ஏறத்தாழ முழுக்கப் பெண், சில பெரும்பாலும் ஆண், சில கலந்து இருந்தன. பிள்ளைகளின் ஆண் பெண் விகிதம் தாயைப் பொறுத்தது, தந்தையை மாற்றினாலும் மாறாது என்பது மைட்டிலஸ் ஆய்வுகளில் முன்பே பதிவானது. ஆனால் பொரிப்பகத்தில் யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கொட்டிய ஆண்டுகளில் அது தெரியவே வாய்ப்பில்லை. ஒரே ஒரு சிறந்த பெண்ணின் குடும்பத்தை மட்டும் தேர்ந்தெடுத்து முன்னேறினால் அடுத்த தலைமுறைக்கு ஆணே இல்லாமல் போகலாம். இப்போது குடும்பங்களைத் தேர்வு செய்யும்போது தாயின் இந்தப் போக்கையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

மாற்றியவை, மாற்ற வேண்டியவை

ஆய்வகத்தின் படிவத்தில் சதை, பாலினம், முற்றிய நிலை ஆகிய மூன்றுக்கும் கட்டம் வந்துவிட்டது. மட்டி மாதிரி என்றால் அந்த மூன்றும் நிரம்பாமல் பெட்டியை வாங்குவதில்லை. பொரிப்பகப் பணியாளரின் குறிப்பேட்டின் நகல் இப்போது ஒவ்வொரு பெட்டியோடும் போகிறது. என் கணக்கில் இதுதான் இரண்டு பக்கத்திலும் நடந்த மிகப் பெரிய மாற்றம். விடை ஏற்கெனவே கையால் எழுதப்பட்டு ஒரு மேசை இழுப்பறையில் இருந்தது.

மட்டியின் மைட்டோகாண்ட்ரியா முடிவை இனப்பெயராக எழுதுவதை நிறுத்தினார்கள். ‘பெண்வழி வகை, எடுலிஸுக்கு அருகில்’ என்று மட்டும் எழுதுகிறார்கள். இனம் என்ற நிரலை உட்கரு மரபணு மட்டுமே நிரப்பும். அறிக்கையில் கண்டதும் பரிந்துரையும் வேறு வேறு பக்கங்களில் வர வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். வரைவில் ‘இருக்கலாம்’ என்று தொடங்கிய வாக்கியம் அதே பத்தியில் ‘வேண்டாம்’ என்று முடிந்திருந்தது. அவசரத்தில் படிப்பவருக்கு இரண்டாவது சொல்தான் நிற்கும்.

இன்னும் தீராதது ஒன்று. பசைப் புரத மரபணு ஓரிடம் மட்டுமே. கலப்பினம் ஒன்று தூய எடுலிஸோடு கலந்து, அதன் பிள்ளைகளும் அப்படியே தொடர்ந்தால், சில தலைமுறையில் அந்த ஓரிடம் 180 என்று சுத்தமாகக் காட்டும், மரபணுத்தொகுப்பின் மற்ற இடங்களில் கலப்பு மிச்சமிருக்கும். உட்கருவில் பல இடங்களில் உள்ள ஓரெழுத்து வேறுபாடுகளை ஒரே நேரத்தில் பார்க்கும் எஸ்என்பி தொகுப்புச் சோதனை வேண்டும் என்பது என் கருத்து. ஆய்வகத் தலைவரும் அதையே சொல்கிறார். மேலாளர் கேட்பது வேறு: கேலோபுரோவின்சியாலிஸ் கலப்பு தன் மட்டிகளுக்கு உண்மையில் கெடுதலா? டிராசுலஸைப் போல அது ஓட்டை மெலியச் செய்வதாக அவர் பார்க்கவில்லை. அதற்கு விடை காண, நீக்கிய தொட்டிகளைப் போன்ற சில குடும்பங்களை அடுத்த பருவத்தில் வேண்டுமென்றே வளர்த்து, தூய எடுலிஸ் குடும்பங்களோடு ஒரே கயிற்றில் தொங்கவிட்டு ஓட்டையும் சதையையும் அளப்பது என்று பேசி வைத்திருக்கிறார்கள். இரண்டு பட்டை வந்த பெற்றோர் மட்டிகளை அதற்காகத்தான் தனித் தொட்டியில் உயிரோடு வைத்திருக்கிறார்கள்.